விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் குழு ஆலோசனை: பின்புலமும் பயிற்சியும்

ஒரே வகைத் துன்பமுள்ள எட்டுப் பத்துப் பேர் பயிற்சி பெற்ற ஆலோசகருடன் தவறாமல் கூடி, ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டு, தமக்குள்ளேயே தெளிவு காண்பது குழு ஆலோசனை. 1905-இல் பாஸ்டன் மருத்துவர் ஜோசப் பிராட், ஏழைக் காசநோயாளிகளை வாரந்தோறும் கூட்டிப் பாடம் நடத்தினார். பாடத்தோடு, நோயாளிகள் ஒருவருக்கொருவர் கொடுத்த தெம்பும் பலன் தந்தது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகள் தாமே நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டங்கள் தொடங்கின. 1970-இல் வெளிவந்த தம் நூலில் அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம், குழுவில் குணம் தரும் காரணிகளை வகுத்துக் காட்டினார். 'எனக்கு மட்டும் இப்படி இல்லை' என்ற உணர்வும், பிறருக்கு உதவுவதால் வரும் தன்மதிப்பும் அவற்றுள் முக்கியமானவை.

தமிழகத்தில் குழுப் பணி முதலில் சமூகப் பணிக் கல்வியின் பகுதியாகக் கற்பிக்கப்பட்டது. மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப் பணிக் கல்லூரி அதில் முன்னோடி. 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடிநோய்ச் சிகிச்சையில் குழு அமர்வுகளுக்கும் குடும்பத்தாருக்கான ஆலோசனைக்கும் இடம் கொடுத்தது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் வட்டமாக அமர்ந்து பேசும் பழக்கத்தைப் பரப்பியவை மகளிர் சுய உதவிக் குழுக்கள். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய இக்குழுக்களின் திட்டம், 1990-களின் தொடக்கத்தில் அன்றைய தென்னாற்காட்டுக்கும் வந்தது. 1993 செப்டம்பர் 30-இல் தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமானது. ஒரு குழுவில் 12 முதல் 20 பெண்கள் கூடுவார்கள். சேமிப்புப் பணம் எண்ணப்படும். கடன் கேட்பவர் காரணம் சொல்வார். குழுவின் ஊக்குநர் தீர்மான நோட்டில் எழுத, எல்லோரும் கையெழுத்திடுவார்கள். கடனுக்கான காரணத்தைச் சொல்லும்போதே கணவரின் குடியும் வீட்டுச் சண்டையும் பேச்சில் வந்துவிடும். ஆனால் இது ஆலோசனைக் குழு ஆகாது. சேமிப்புக் குழுவில் பேசி முடிவானது நோட்டில் ஏறும். ஆலோசனைக் குழுவில் பேசியது வட்டத்தைத் தாண்டவே கூடாது.

2004 டிசம்பர் 26 சுனாமி, திண்டிவனத்துக்குக் கிழக்கே உள்ள மரக்காணம் கடற்கரையையும் தாக்கியது. ஒடிசா புயலிலும் குஜராத் நிலநடுக்கத்திலும் பெற்ற அனுபவத்தோடு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், தமிழகத்தில் களப் பணியாளர்களுக்கு உளச் சமூக ஆதரவுப் பயிற்சி அளித்தது. மனத்தில் உள்ளதைக் கொட்டவிடுவது, குறுக்கிடாமல் கேட்பது, அக்கம்பக்கத்தாரின் துணையைச் சேர்ப்பது, வேலையிலும் விளையாட்டிலும் ஈடுபடுத்துவது ஆகியவை அதன் அடிப்படைகள்.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைப் பறித்தது. சாராய வேட்டை மட்டும் இந்தத் துயரைத் தீர்க்காது. குடியை விட்டவர் மறுபடி தொடாமலிருக்க, அதே போராட்டத்தில் இருப்பவர்களின் துணை வேண்டும். குழு ஆலோசனை தெரிந்தவர்கள் கிராம அளவில் தேவைப்படுவது இதனால்தான்.

இந்தக் கலையைக் கற்பவர் கோட்பாட்டில் முதலில் அறிவது குழுவின் வளர்ச்சிப் படிகள். 1965-இல் அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் அவற்றைக் கூடுதல், மோதுதல், ஒழுங்குபடுதல், செயல்படுதல் என நான்காகப் பிரித்தார்; கலைதல் 1977-இல் சேர்ந்தது. மோதலைத் தோல்வி என்று பதறி அடக்கும் ஆலோசகர், குழுவை அடுத்த படிக்குப் போகவிடுவதில்லை. நடைமுறைப் பயிற்சி மூன்று கட்டம்: தானே உறுப்பினராக அமர்வது, அனுபவசாலிக்குத் துணையாக நடத்துவது, மேற்பார்வையில் தனித்து நடத்துவது. உறவும் சாதியும் தொழிலும் பின்னிக் கிடக்கும் ஊரில், ரகசியம் காக்கும் உறுதியை முதல் அமர்விலேயே எல்லோரிடமும் பெறுவதும், அதிகம் பேசுபவரை நிறுத்திப் பேசாதவருக்கு இடம் தருவதும், தற்கொலை எண்ணம் தெரிந்தால் உடனே மனநல மருத்துவரிடம் அனுப்புவதும் இந்தப் பயிற்சியில்தான் கைவரும்.