பெயர் பெற்ற கல்லும் பெயரற்ற கைகளும்

இலங்கையின் இரத்தினக் கற்களைப் பற்றிப் பேசும்போது மன்னர்களையும் யாத்திரிகர்களையும் வணிகர்களையும் நாம் நினைவுகூருகிறோம். குழிக்குள் இறங்கியவனை நினைப்பதில்லை. 1344ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்த இப்னு பதூதா ஒரு வழக்கத்தைக் குறித்து வைத்தார்: நூறு பணமும் அதற்கு மேலும் பெறுமதியுள்ள மாணிக்கத்தை மன்னன் விலை கொடுத்து எடுத்துக்கொள்வான், அதற்குக் குறைந்தது கண்டெடுத்தவனுக்கு. அப்படியாயின், ஒரு கல்லின் பெறுமதியை நிர்ணயிப்பவன் எவனோ, அவனே அதன் உரிமையையும் நிர்ணயிக்கிறான்.

இதற்கு இருபதாம் நூற்றாண்டு ஓர் அரிய உதாரணத்தைத் தந்தது. இரத்தினபுரிப் பகுதியின் 'இல்லம்' எனப்படும் சரளைப் படையிலிருந்து, மஞ்சளும் பச்சையும் கபிலமும் கலந்த ஒருவகைக் கல் நெடுங்காலமாகக் கிடைத்து வந்தது. அது பெரிடோட் என்றே விற்கப்பட்டது. அதன் அடர்த்தி சற்று மிகுந்திருந்ததை அறிஞர்கள் கண்டார்கள். இரும்பு அதிகம் போலும் என்று அமைதி கொண்டார்கள். ஆனால் ஒளிநிரலிலும் பெரிடோட்டில் இல்லாத ஒரு கரும்பட்டை தென்பட்டது. ஐயம் வலுத்தது. 1952இல் இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையின் கிளாரிங்புல், ஹே ஆகிய இருவரும் ஊடுகதிர்ச் சோதனையாலும் இரசாயனப் பகுப்பாலும் உண்மையை நிறுவினர். அது மகனீசியமும் அலுமினியமும் போரனும் ஒட்சிசனும் சேர்ந்த புதிய கனிமம். இத்தீவின் பழைய வடமொழிப் பெயரைக் கொண்டு 'சிங்கலைட்' என்று அதற்குப் பெயரிட்டனர்.

இதை அறிவதற்கு மந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பதினோராம் நூற்றாண்டிலேயே அல்பிரூனி இரத்தினங்களின் அடர்த்தியை நிறுத்து அளந்தார். அதே தத்துவம் நமது பாடசாலைத் தராசிலும் உண்டு. காற்றில் 3.48 கிராம் நிற்கும் சிங்கலைட் நீருக்குள் ஏறத்தாழ 2.48 கிராம் நிற்கும். இழப்பு ஒரு கிராம். பெரிடோட்டாயின் 3.34 கிராம் எடைக்கே அந்த இழப்பு ஏற்படும். நிறம் ஏமாற்றும், நிறை ஏமாற்றாது.

கல் மாறவில்லை, அதைப் பற்றிய அறிவே மாறியது. நேற்றுவரை மங்கலான பெரிடோட்டாக இருந்தது, சேகரிப்போர் தேடும் அபூர்வக் கல்லாயிற்று. அதற்கு முன் அதை விற்றவர்களோ, இன்னதென்று அறியாமலே விற்றார்கள். அறிவு ஒரு கரையிலும் உழைப்பு மறு கரையிலும் இருந்தால் இலாபம் எந்தக் கரைக்குப் போகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மறுபக்கமும் உண்டு. 1953இல் ஏக்கநாயக்க என்ற இலங்கையர் கண்டறிந்த பச்சைக் கல்லொன்றுக்கு, 1961இல் அவர் பெயராலேயே 'ஏக்கனைட்' என்று பெயர் வழங்கிற்று. தோரியம் செறிந்த, கதிர்வீசும் கல் அது. உற்று நோக்கத் தெரிந்த ஒருவர் நம்மிடையே இருந்தமையால் அந்தப் பெயர் நம் மண்ணில் நிலைத்தது.

கல்முனைக் கடற்கரையில் மாணிக்கக் குழிகள் இல்லை. ஆனால் அம்பாறைக்கு அயலான மொனராகலை மாவட்டத்து ஒக்கம்பிட்டியில் உண்டு. கற்சந்தை கூடும் பேருவளையில் நம் மொழி பேசும் வணிகர்கள் உளர். ஆகவே இந்த வரலாறு நமக்கும் உரியது. ஆசிரியர்களே, கனிமவியலைப் பரீட்சைக்கான பட்டியலாக மட்டும் கற்பிக்காதீர்கள். தராசையும் நீரையும் மாணவர் கையில் கொடுங்கள். தன் கையிலுள்ள கல் இன்னதென்று அறிந்த உழைப்பாளியை ஏமாற்றுவது எளிதன்று.