பெட்டிக்குள் உட்கார்ந்த வாத்தியக்காரர்கள்

1959-ல அமெரிக்காவின் வுர்லிட்சர் கம்பெனி 'சைட் மேன்' என்று ஒரு மரப்பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே ஒரு வட்டத்தட்டு சுழலும், அதில் உள்ள தொடுமுனைகள் பட்டதும் வெற்றிடக் குழாய்கள் டிரம்ஸ் மாதிரி சத்தம் எழுப்பும். வால்ட்ஸ், டேங்கோ என்று தாளத்தைத் தேர்ந்தெடுக்கலாம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அவ்வளவுதான். அதற்கே அங்குள்ள இசைக்கலைஞர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது.

இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். 1942-லிருந்து 1944 வரை இசைத்தட்டுப் பதிவையே புறக்கணித்து வேலைநிறுத்தம் செய்த சங்கம் அது. இசைத்தட்டு வந்தால் நேரில் வாசிப்பவனுக்குச் சோறு போச்சு என்ற பயம் வெறும் கற்பனை இல்லை.

ஆனா அதே இசைத்தட்டு வேறு ஒரு வேலைக்கும் பயன்பட்டது. 1967-ல ஜேமி ஏபர்சோல்ட் என்ற ஜாஸ் ஆசிரியர், பக்கவாத்தியம் மட்டும் பதிவான தட்டுகளை வெளியிட ஆரம்பித்தார். தட்டைப் போட்டுவிட்டு நாம் மேலே வாசித்துப் பழகலாம். ஒரே குறை, தட்டில் இருக்கும் சுருதியும் வேகமும்தான், நம் இஷ்டத்துக்கு மாறாது.

அந்தக் குறையைத் தீர்த்தது 1990-ல வந்த 'பேண்ட் இன் எ பாக்ஸ்'. கனடாவில் பீட்டர் கேனன் என்ற மருத்துவர் எழுதிய மென்பொருள். அட்டாரி எஸ்டி கணினியிலும் சாதாரண பிசியிலும் ஓடியது. கட்டத்துக்குக் கட்டம் கார்டு பெயர்களை (சி, எஃப் மைனர் என்று) தட்டச்சு செய்ய வேண்டும். 'ஜாஸ் ஸ்விங்' மாதிரி ஒரு ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தால் பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றையும் அதுவே போட்டுவிடும். ஒலி வருவதென்னவோ மிடி கேபிளில் மாட்டிய சின்தசைசரிலிருந்துதான். 1983-ல மிடி பொதுவான தரமாக வந்திருக்காவிட்டால் இது நடந்திருக்காது. ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் நிறைய குட்டித் துணுக்குகள் இருக்கும், மென்பொருள் அவற்றைப் பொறுக்கி அடுக்கும். அதனால் ஒரே பாட்டை இரண்டு முறை போட்டால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது.

பயிற்சிக்கு வந்த பொருள் பாட்டெழுதுகிறவர்கள் கைக்குப் போனது இயல்புதான். நாஷ்வில் மாதிரி ஊர்களில் ஒரு பாட்டை விற்க முதலில் டெமோ வேண்டும். அதற்கு வாத்தியக்காரர்களை அழைத்துப் பணம் கொடுத்துப் பதிவு செய்வார்கள். சங்கத்தில் டெமோவுக்கென்றே தனிக் கூலி விகிதம் உண்டு, இறுதிப் பதிவுக்கானதைவிடக் குறைவு. கோடம்பாக்கத்தில் ட்ராக் பாடப் போகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், புதிதாக வருகிறவர்கள் முகம் காட்ட அது ஒரு வாசல். மென்பொருள் முதலில் கைவைத்தது இந்த வாசலில்தான் என்று நினைக்கிறேன், பெரிய மேடைகளில் இல்லை.

இதைவிட சுவாரசியமான திருப்பம் 2000-களின் பின்பாதியில். மிடி ஒலி பொம்மை மாதிரி இருக்கிறது என்று, நிஜ ஸ்டுடியோ கலைஞர்களை வாசிக்க வைத்துப் பதிவு செய்து, அந்தத் துண்டுகளை நாம் போடும் கார்டுக்கு ஏற்ப வெட்டி ஒட்டும் 'ரியல்ட்ராக்ஸ்' வந்தது. நாஷ்வில்லின் பேர்போன கிதார்காரர் பிரெண்ட் மேசன்கூட அதில் வாசித்திருக்கிறார். அதாவது, பெட்டியைக் கண்டு பயந்தவர்களின் வாரிசுகளே பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள்! தப்பு சொல்ல மாட்டேன், வாசித்துச் சம்பாதிக்கிறவனுக்கு அதுவும் ஒரு பதிவுதான்.

இப்போ வழக்கம் என்னன்னா, அதில் அடித்தளம் போட்டு, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனி ஆடியோவாக இழுத்து ரீப்பர், கியூபேஸ் போன்ற பதிவு மென்பொருளில் போட்டு, மேலே குரல் பாடி முடிப்பது. ஒரு சாயங்காலத்தில் டெமோ ரெடி. சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. பத்து நாள் அதையே கேட்டுப் பழகிவிட்டு, நிஜ கிதார்காரர் வந்ததும் "அதே மாதிரி வாசிங்க" என்பார்கள். ஸ்டுடியோக்காரர்கள் இதற்கு நோய்ப்பெயர் மாதிரி 'டெமோஐட்டிஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.