சளியில் தெரிந்த கிருமி எது? காசம் சாராத மைக்கோபக்டீரியாவும் கிழக்குக் கரையின் நோயறிதலும்

ஸீல்-நீல்சன் சாயமிட்ட தகட்டில் சிவப்புக் கோல்களாகத் தெரிவது மைக்கோபக்டீரியா என்பது வரைதான் நுணுக்குக்காட்டி சொல்லும். அது காசநோய்க் கிருமியா, மண்ணிலும் நீரிலும் வாழும் அதன் இனத்து வேறொன்றா என்பது அங்கே தெரியாது. காசநோய் நிலவும் நாட்டில் முதல் ஊகம் பெரும்பாலும் சரியாகிவிடும். சிகிச்சையை உடனே தொடங்குவதும் முறையே. அந்த ஊகத்தையே முடிவாக எழுதிவிடுவதைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது.

தமிழ்நாட்டின் செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. சூழலிலுள்ள மைக்கோபக்டீரியாவுக்கு மக்கள் முன்பே பழகியிருந்தார்கள் என்பது அதற்குக் கூறப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. விளக்கம் விவாதத்துக்குரியது, ஆனால் அவ்வட்டாரத்தின் மண், நீர், சளி மூன்றிலும் இக்கிருமிகள் பிரித்தெடுக்கப்பட்டன. இலங்கையின் கிழக்குக் கரையில் வயலும் கிணறுமாக வாழும் ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று, கல்முனை மக்களுக்கு இவை அந்நியமானவை என்று எண்ண நியாயமில்லை.

பிழையான பெயரின் விலை பெரிது. காசம் சாராத மைக்கோபக்டீரியாவுள் ஒரு வகையான ஏவியம் தொகுதிக் கிருமிகளிடம் ஐசோனியாசிட்டும் பைரசினமைட்டும் ஏறத்தாழப் பயனற்றவை. ஆறு மாத மருந்துக்குப் பின்னும் சளியில் கிருமி நின்றால், மருந்தெதிர்ப்புக் காசநோய் என்ற அடுத்த ஐயம் எழுகிறது. இதனிடையே வீட்டில் தட்டும் கோப்பையும் வேறாகின்றன. பிள்ளையின் கலியாணப் பேச்சும் நின்றுபோகலாம். இக்கிருமிகளோ பொதுவாக ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை.

கிருமி காசநோயினுடையது அல்ல என்பதை முன்கூட்டியே உணர்த்தும் அடையாளம் ஒன்று உண்டு. தகட்டில் கிருமி தெரிய ஒரு மில்லிலீற்றர் சளியில் 5,000 முதல் 10,000 வரை இருக்க வேண்டும். காசநோய்க் கிருமியின் மரபணுவை மட்டும் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் பரிசோதனைக்கு நூற்றுச்சொச்சம் போதும். ஆகவே தகடு நேர்மறையாகவும் ஜீன்எக்ஸ்பேர்ட் எதிர்மறையாகவும் வந்தால், கிருமி குறைவு என்று சமாதானம் சொல்ல இடமில்லை. அந்தச் சளி வளர்ப்புப் பரிசோதனைக்குப் போயே ஆக வேண்டும், அது வெலிசறையிலுள்ள தேசிய காசநோய் ஆய்வுகூடம் வரை செல்ல நேர்ந்தாலும். மருந்து பலிக்காதவர்களுக்கும், பழைய காசநோய்த் தழும்பு உள்ளவர்களுக்கும் இதுவே விதியாக வேண்டும். சேதமுற்ற நுரையீரலில்தான் இவை எளிதில் குடியேறுகின்றன.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. ஒரேயொரு சளியில் வளர்ந்தது குழாய்நீரின் மாசாகவும் இருக்கலாம். நோய் என்று முடிவுசெய்ய, நோய்க்குறியும், எக்ஸ்-ரேயிலோ சி.ரி. ஸ்கானிலோ பொருத்தமான மாற்றமும் இருக்க, வெவ்வேறு வேளையில் எடுத்த இரு சளிகளிலாவது அதே இனம் வளர வேண்டும். அல்லது மூச்சுக்குழல் கழுவுநீர் ஒன்றில் வளர்ந்தாலும் போதும். 2020 சர்வதேச வழிகாட்டலும் இதையே கேட்கிறது.

ஏவியம் தொகுதிக்கு அசித்ரோமைசின், ரிபாம்பிசின், எதம்பியூட்டோல் மூன்றும் சேர்ந்து, சளி வளர்ப்பு எதிர்மறையானபின் குறைந்தது 12 மாதம் தொடர வேண்டும். குழி விழுந்திருந்தால் தினமும் கொடுத்து, தொடக்கத்தில் அமிக்காசின் ஊசியையும் சேர்ப்பர். கண்பார்வையையும் செவியையும் இடையிடையே சோதிக்க வேண்டும். இவற்றுள் இன்னொன்றான அப்செசஸ் இனத்துக்கு இதுவும் போதாது. அதில் பெரும்பகுதி, மருந்து உடலில் சென்றபின்னரே அசித்ரோமைசினுக்கு எதிர்ப்பைக் காட்டத் தொடங்கும். ஏவியம் சிகிச்சையின் முதுகெலும்பு அசித்ரோமைசின்தான். நீண்டநாள் இருமலுக்கு அதை மட்டும் மீண்டும் மீண்டும் எழுதிக் கொடுத்தால் எதிர்ப்பு உருவாகும். பிறகு கைவசமுள்ள மருந்துகள் மிகச் சில. சளியை அனுப்பாமல் இரண்டாம் முறை அம்மருந்தை எழுதுவதைக் கல்முனைப் பகுதியின் தனியார் சிகிச்சையகங்களும் அரச வைத்தியசாலைகளும் ஒருங்கே நிறுத்த வேண்டும்.