நோட்டில் இருப்பவர் யார்?



கையிலே ஐந்து வெள்ளி நோட்டு இருந்தால் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். தலைப்பாகை அணிந்த அந்தப் பெரியவர் யார்? வகுப்பில் கேட்டேன். "துங்கு, சார்!" என்று முக்கால்வாசிப் பிள்ளைகள் கத்தினார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் துங்கு அல்ல, துவாங்கு. கெடாவில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் நமது முதல் பிரதமர். 1957 ஆகஸ்ட் 31ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தவர். நோட்டில் இருக்கும் துவாங்கு அப்துல் ரஹ்மானோ நெகிரி செம்பிலான் மன்னர்; அதே நாளில் நாட்டின் முதல் மாமன்னர் ஆனவர். ஒரே பேர், ஒரே நாள், இரண்டு பேருமே இங்கிலாந்தில் சட்டம் படித்தவர்கள். குழம்பாமல் என்ன செய்யும்!

துவாங்கு 1895இல் ஸ்ரீ மெனாந்தியில் பிறந்தார். கோலப்பிலா பக்கத்துத் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு அந்த ஊர் தெரிந்திருக்கும். 1933இல் அரியணை ஏறினார். அந்த மாநிலத்தில் மன்னர் மகன் என்பதற்காக மட்டும் அரியணை கிடைத்துவிடாது. உண்டாங் எனப்படும் நான்கு தலைவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மலாய் மன்னர்கள் ஒன்பது பேரும் கூடி வாக்களித்து அவரை மாமன்னர் ஆக்கினார்கள். ஆக, இரண்டு முறையும் பிறர் தேர்ந்தெடுத்து வந்தவர்.

மூன்று வருஷம்கூட நிறையவில்லை; 1960 ஏப்ரல் 1ஆம் தேதி காலமானார். அவர் முகம் போட்ட நோட்டைப் பேங்க் நெகாரா வெளியிட்டது 1967 ஜூனில்தான். அந்த நோட்டை அவர் கண்ணால் காணவேயில்லை.

அதற்கு முந்தி நம் பாட்டன் பாட்டிமார் பால் வெட்டிச் சம்பளம் வாங்கிய நோட்டில் இங்கிலாந்து ராஜா தலை. பிறகு ராணி தலை. நடுவிலே ஜப்பான்காரன் வாழைமரம் போட்டு அச்சடித்தான். 1945இல் அவன் தோற்றதும் அது வெறும் காகிதம் ஆகிப்போச்சு. பெட்டி நிறையச் சேர்த்து வைத்தவர்களும் வெறுங்கையோடு நின்றார்கள். அந்தக் கஷ்டத்தைக் கண்ட சனங்களுக்கு, சொந்த நாட்டு மன்னர் முகம் போட்ட நோட்டு கைக்கு வந்தது சின்ன விஷயமா?

மாமன்னர் பதவி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறும். நோட்டில் முகம் மாறவில்லை. 1975இல் டாலர் என்ற பெயர் போய் ரிங்கிட் வந்தது. (நமக்கு என்றைக்கும் வெள்ளிதான்!) ஒரு வெள்ளியும் ஐந்து வெள்ளியும் இப்போது பிளாஸ்டிக். முகம் மட்டும் அதேதான்.

வீட்டில் பிள்ளை நோட்டைக் காட்டி யாரென்று கேட்டால் அவசரப்பட்டுத் "துங்கு" என்று சொல்லிவிடாதீர்கள். "இல்லப்பா, துவாங்கு, சார் சொன்னாரு" என்று அதுவே உங்களைத் திருத்தும்.