மணற்பலகையும் மனிதச் சிந்தனையும்

கற்பிட்டிக் குடாநாடு மணலால் ஆயது. அதன் ஒரு புறத்தே புத்தளக் களப்பு, மறுபுறத்தே பெருங்கடல். கடலை நோக்கிய பக்கத்தில் அமைந்த ஊர் ஆலங்குடா. அதன் கரையிலே குனிந்து விரலால் ஒரு கோடு கிழித்தால், அடுத்து வரும் அலை அதனைத் துடைத்துவிடும்; புதிதாக வரைய இடமும் கிடைக்கும். எழுதவும் அழிக்கவும் எளிதான இத்தகைய பரப்பே மனிதன் சிந்திப்பதற்குக் கொண்ட பழைய பலகை. இன்று அலுவலகங்களிலே காணும் வெண்பலகை அதன் வழித்தோன்றலேயாகும்.

சிக்கலான கணக்கை மனத்துள்ளே வைத்துத் தீர்ப்பது அரிது. ஒரு படியை நினைவில் நிறுத்தும்போது மற்றொரு படி நழுவிவிடும். வரைந்துவிட்டாலோ, நினைவின் சுமையைக் கண் ஏற்றுக்கொள்கிறது. அழித்துக்கொள்ளலாம் என்ற துணிவு இருத்தலால், பிழை செய்யவும் அச்சம் இல்லை.

பண்டை இந்தியக் கணக்கர் பலகைமேல் தூளைப் பரப்பி, அதன்மேல் இலக்கங்களை எழுதினர். கணக்கிடும் தொழிலுக்குத் 'தூளி கருமம்' என்ற பெயரும் வழங்கியது. இம்முறை அரபு நாடுகளுக்கும் பரவிற்று. எனினும், கி. பி. 952ஆம் ஆண்டளவில் தமாஸ்கஸ் நகரில் நூல் இயற்றிய அல் உக்லிதிசி என்னும் கணித அறிஞர், தூளை விடுத்துத் தாளும் மையும் கொண்டு கணக்கிடும் முறையை வகுத்தார். தூளில் முன்னைய எண்ணை அழித்தே பின்னையதை எழுத வேண்டும். ஆகவே, வந்த வழியைத் திரும்பிப் பார்த்துச் சரிபிழை காண இயலாது.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளிலே பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதியே எழுத்தறிந்தனர். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் மக்களுக்கென அமைந்த அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அந்திரு பெல் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டுப் பாதிரியார், அத்தகைய பள்ளி ஒன்றைக் கண்டு வியந்தார். இல்லத்து ஆசிரியர்கள் அம்முறையை ஏற்கத் தயங்கவே, ஜோன் பிரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக்கொண்டு சிறுவர்க்குக் கற்பித்து வெற்றி கண்டார். அவரது நூல் 1797ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. பின்னர் இங்கிலாந்துப் பள்ளிகளிலும் மணல் தட்டுகள் இடம்பெற்றன. தமிழ்ப் பிள்ளைகளின் மணல் கடல் கடந்தது.

மணலின் இடத்தைப் பின்னர்க் கற்பலகை பெற்றது. அக்கற்பலகையின் பெருமையையும் குறையையும் ஒருங்கே காட்டுவது கணிதமேதை இராமானுசனின் வாழ்வு. கும்பகோணத்துச் சாரங்கபாணி சந்நிதித் தெருவில், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மடியிற் கற்பலகையை வைத்து அவர் கணக்கிடுவார். காகிதம் வேண்டுமட்டும் வாங்கப் பொருள் இல்லை. எழுதுவதும் முழங்கையால் அழிப்பதுமாக முயன்று, முடிவை மட்டும் குறிப்பேட்டிற் பதிப்பார். அவர் பயின்ற கார் என்பாரின் நூலும் நிறுவல்களைச் சுருக்கியே கூறியது. கற்பலகை அவ்வழக்கத்துக்கு மேலும் துணைபோயிற்று.

1920ஆம் ஆண்டில் 32ஆவது வயதில் அவர் மறைந்தபோது, மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகள் அக்குறிப்பேடுகளில் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் இல்லை. விடை நின்றது, வழி அழிந்தது. அவ்வழிகளை அறிஞர் பலர் தாமே தேட வேண்டியதாயிற்று. அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பேர்ண்ட் அம்முடிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985ஆம் ஆண்டு தொடங்கி 1998ஆம் ஆண்டிலேதான் நிறைவெய்தின. ஓர் இளைஞர் கற்பலகையில் துடைத்தவற்றை மீட்க உலகம் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது.

இதனாற் கற்பலகையைக் குறை கூறுதல் தகாது. அஃது இல்லாதிருந்தால், அம்முடிவுகளிற் பல பிறந்தேயிரா. அழியும் பலகை சிந்தனைக்கு உரியது. அழியா ஏடு அச்சிந்தனையைப் பிறர்க்கு வழங்குவதற்கு உரியது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. ஆலங்குடாக் கரையில் வரைந்த கோட்டுக்கு அடுத்த அலை வரையிலேதான் ஆயுள். அலை வருமுன்னே, வந்த வழியையும் ஏட்டிற் குறித்துக்கொள்பவனே பின்வருவோர்க்கு உதவியவன் ஆவான்.