அரிக்கமேட்டு ஜாடிக்குள்ள என்ன ஒயின்?

மாதவரம்னா கன்டெய்னர் லாரி. 2,000 வருஷத்துக்கு முன்னாடி ஒயினுக்கு கன்டெய்னர் ஆம்போரா: ரெண்டு கைப்பிடி வெச்ச மண் ஜாடி.

1945-ல புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டை மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ அதோட துண்டுகள் கிடைச்சது. பின்னாடி எலிசபெத் லைடிங் வில் ஆராய்ஞ்சாங்க. பல துண்டுகள் கிரேக்கத் தீவு கோஸ் பாணி ஜாடிகளோடது. கோஸ் ஒயின்ல கடல் தண்ணி கலப்பாங்க. ரோம்ல உசத்தின்னா ஃபலேர்னியன்தான். இது சாதாரண சரக்கு.

ஆனா புறநானூறு 56-ல நக்கீரர், யவனர் கொண்டுவந்த மணக்குற மதுவைப் பொற்கலத்துல குடிச்சு மகிழச் சொல்லி பாண்டியன் நன்மாறனை வாழ்த்துறார். அது கோஸ் ஒயின்தான்னு யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாது.

பாட்டுல அரண்மனைக் கிண்ணம் மட்டும்தான் தெரியுது. துறைமுகத்துல இறங்கின சரக்கோட தரத்தைச் சொல்றது அந்த உடைஞ்ச ஓடுகள்தான். ரெண்டையும் சேர்த்துப் படிச்சாதான் வரலாறு.