தலைகீழாகக் கட்டிப் பார்த்த தேவாலயம்

பார்சிலோனாவை அடுத்து சாந்தா கொலோமா என்றொரு சிற்றூர். எவுசேபி குவெல் என்ற ஆலை முதலாளி 1890இல் தன் நெசவாலையை நகரத்திலிருந்து அங்கே மாற்றினார். ஆலையைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்பு எழுந்தது. தேவாலயம் ஒன்றுதான் பாக்கி. 1898இல் அந்தப் பொறுப்பைத் தனக்குப் பிடித்தமான கட்டடக் கலைஞர் அன்டோனி கவுடியிடம் ஒப்படைத்தார். முதல் கல் நாட்டப்பட்டது 1908 அக்டோபரில். இடையில் போன பத்து ஆண்டுகளில் பெரும்பகுதியைக் கவுடியும் அவரது உதவியாளர்களும் கட்டுமானத் திடலை ஒட்டிய ஒரு கொட்டகைக்குள், கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு, அவற்றில் சிறு பைகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகக் கழித்தார்கள்.

இன்றைய கட்டுமான முதலாளி யாரும் இதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். குவெல் பொறுத்துக்கொண்டார். அந்த நூல்கள்தான் தேவாலயத்தின் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்தன.

கட்டடம் எழுப்பும் முன் அதைச் சிறியதாகச் செய்து பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. ஆனால் அந்த மாதிரிகளில் பெரும்பாலானவை, முடிவான ஒன்றை அடுத்தவருக்குக் காட்டுவதற்காகச் செய்தவை. பணம் கொடுப்பவர் மயங்க வேண்டும், தலையாட்ட வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் லியோன் பட்டிஸ்டா ஆல்பெர்ட்டி இதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். வண்ணம் தீட்டி மினுக்கிய மாதிரியைக் கொண்டுவருபவன் பார்ப்பவரின் கண்ணை மறைக்கப் பார்க்கிறான் என்பது அவர் கட்சி. மாதிரி எளிமையாக, மொட்டையாக இருக்க வேண்டும்; செய்தவனுக்கே அதில் குறை தெரிய வேண்டும்; செலவு சிறிதாக இருக்கும்போதே திருத்திக்கொள்ள வேண்டும்.

அவர் பேச்சை அதிகம் பேர் கேட்கவில்லை. ரோமின் புனித பேதுரு பேராலயத்துக்காக இளைய அந்தோனியோ தா சங்கல்லோ செய்வித்த மரமாதிரி ஏழு மீட்டருக்கு மேல் நீளம். 1539இல் தொடங்கிய வேலை ஏழு ஆண்டு நீடித்தது. 1546இல் சங்கல்லோ இறந்ததும் அந்த இடத்துக்கு வந்த மைக்கலாஞ்சலோ அதை ஒதுக்கிவிட்டுத் தன் போக்கில் வேறொன்றை வடிக்கத் தொடங்கினார்.

லண்டனில் நடந்தது இன்னும் வேதனையான கதை. 1666ஆம் ஆண்டின் பெருந்தீயில் புனித பவுல் பேராலயம் பாழானது. புதிய பேராலயத்தை வரையும் வேலை கிறிஸ்டோபர் ரென்னுக்கு வந்தது. 1673-74இல் ஓக் மரத்திலும் சாந்திலும் அவர் ஒரு மாதிரி செய்வித்தார். இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. ஆறு மீட்டருக்கு மேல் நீளம். ஓர் ஆள் அதற்குள் தலையை நீட்டி உட்புறத்தை அண்ணாந்து பார்க்கலாம். ஆன செலவு சுமார் 600 பவுண்டு. அந்தப் பணத்துக்கு லண்டனில் அப்போது நல்ல வீடே வாங்கியிருக்கலாம். மன்னர் இரண்டாம் சார்லஸுக்குப் பிடித்திருந்தது. குருமார்களுக்குப் பிடிக்கவில்லை. நான்கு பக்கமும் சமமாக நீளும் அமைப்பு அவர்கள் பழகிய தேவாலயம் போல இல்லை. பணம் வர வர ஒவ்வொரு பகுதியாகக் கட்டிக்கொண்டு போகவும் அதில் வழியில்லை. மாதிரி நிராகரிக்கப்பட்டது. இனிமேல் மாதிரி செய்து ஊரார் முன் வைப்பதில்லை, விவரம் தெரியாதவர்களின் தீர்ப்புக்கு வேலையை விடுவதில்லை என்று ரென் முடிவெடுத்ததாக அவருடைய குடும்ப வரலாறு சொல்கிறது. 1675 மே மாதம் அரச ஒப்புதல் பெற்றது வேறொரு வரைபடம். அலங்காரத்தில் சில மாற்றங்கள் செய்துகொள்ளலாம் என்று அந்த ஆணை கொடுத்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, ரென் பிறகு ஏறக்குறைய முழுக் கட்டடத்தையுமே மாற்றினார். அந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். நிராகரிக்கப்பட்ட மாதிரி இன்னமும் அதே பேராலயத்தின் மேல்தளத்தில் இருக்கிறது.

அதே 1675இல், ரென்னின் நெருங்கிய நண்பர் ராபர்ட் ஹூக் ஒரு புதிர் வெளியிட்டார். விஞ்ஞானக் கருவிகள் பற்றிய நூலின் கடைசியில், ஒரு லத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளை அகர வரிசையில் கலைத்துப் போட்டிருந்தார். கண்டுபிடிப்பு தன்னுடையது என்று பதிவாக வேண்டும், ஆனால் அடுத்தவன் எடுத்துக்கொள்ளவும் கூடாது. அந்தக் காலத்து அறிஞர்கள் கையாண்ட தந்திரம் அது. ஹூக் 1703இல் இறந்த பிறகுதான் விடை அச்சில் வந்தது. அதன் சாரம் இவ்வளவுதான்: தொங்கும் கயிறு எந்த வளைவில் நிற்கிறதோ, அதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் கல் வளைவு அந்த வடிவத்தில் தானாக நிற்கும்.

இரண்டு ஆணிக்கு நடுவே கட்டிய துணிக்கொடியை நினைத்துக்கொண்டால் போதும். கொடியின் ஒவ்வொரு அங்குலமும் இழுபடுகிறது. கொடியால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. ஈரச் சேலையைப் போட்டால் அந்த இடத்தில் கொடி தன் வளைவை மாற்றிக்கொள்கிறது. எடை எங்கே எவ்வளவோ, அதற்கு ஏற்ற வடிவத்தைக் கயிறு தானே கண்டுபிடிக்கிறது. கல்லின் குணம் நேர்மாறு. அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். கயிற்றின் வளைவை அப்படியே கவிழ்த்துவிட்டால் இழுவை முழுவதும் அமுக்கமாகிவிடுகிறது, கல்லுக்கு வேண்டியதும் அதுதான். புவியீர்ப்புதான் கணக்குப் போடுகிறது. மனிதன் குறித்துக்கொண்டால் போதும்.

ஹூக்கின் நாட்குறிப்பில் 1675 ஜூன் மாதப் பதிவு ஒன்று, வளைவுகள் பற்றிய ஹூக்கின் விதியின்படி ரென் தன் வடிவமைப்பைத் திருத்தியதாகச் சொல்கிறது. புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்துக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், செங்கல்லால் ஆன கூம்பு ஒன்று இருக்கிறது. உச்சியில் இருக்கும் கல் கோபுரத்தின் எடையை உண்மையில் தாங்குவது அதுதான். வெளியிலிருந்து ஊரார் பார்க்கும் அழகிய குவிமாடம் மரச்சட்டத்தின் மேல் போர்த்திய ஈயத் தகடு. ஊருக்குக் காட்டிய மாதிரி தோற்ற இடத்தில், யாருக்கும் காட்டாத கயிற்றுக் கணக்கு உள்ளே புகுந்துவிட்டது.

அடுத்த நூற்றாண்டில் கயிறு நோயாளிக்கு வைத்தியம் பார்த்தது. புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தில் விரிசல்கள். போப் பதினான்காம் பெனடிக்ட், பதுவா நகரத்துக் கணித அறிஞர் ஜியோவன்னி பொலேனியிடம் கருத்துக் கேட்டார். பொலேனி குவிமாடத்தை ஆரஞ்சுச் சுளைகளைப் போலப் பிரித்து, எதிரெதிர்ச் சுளைகள் இரண்டின் எடைக்கு ஏற்ப 32 குண்டுகளை ஒரு நூலில் கோத்துத் தொங்கவிட்டார். கிடைத்த வளைவைக் கவிழ்த்துக் குவிமாடத்தின் குறுக்குவெட்டுப் படத்தில் பொருத்தியபோது, வளைவு முழுவதும் சுவரின் தடிமனுக்குள்ளேயே அடங்கியது. விரிசல் இருந்தாலும் குவிமாடம் விழாது என்று பொருள். பாதுகாப்புக்கு இரும்பு வளையங்கள் மட்டும் கூடுதலாகப் பூட்டினார்கள். பொலேனியின் அறிக்கை 1748இல் அச்சானது.

ஹூக்கும் பொலேனியும் தொங்கவிட்டது ஒரே ஒரு கயிறு. கவுடி முழுத் தேவாலயத்தையும் தொங்கவிட்டார்.

அவருடைய மாதிரி பத்தில் ஒரு பங்கு அளவு, ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரம். தேவாலயத்தின் தரைப்படத்தைக் கொட்டகையின் மேலே பொருத்தி, தூண்கள் வர வேண்டிய புள்ளிகளிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டார்கள். நூலோடு நூல் சேரும் இடங்களில் சிறு ஈயக் குண்டுகள் நிரப்பிய துணிப்பைகள். எடைக்கு வைத்த விகிதம் பத்தாயிரத்தில் ஒன்று: பையில் ஒரு கிராம் என்றால் கட்டடத்தில் பத்து கிலோ. சொல்வதற்கு எளிது. செய்யும்போது சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கூரைக்கு எவ்வளவு எடை என்பது கூரையின் வடிவத்தைப் பொறுத்தது. வடிவமோ எடையைப் பொறுத்தது. ஒரு பையில் நாலு குண்டு கூட்டினால் அந்த நூல் மட்டும் அசைவதில்லை, பக்கத்து நூலும் அதற்குப் பக்கத்து நூலும் சேர்ந்து நகர்கின்றன. ஒரு கோபுரத்தை உயர்த்தினால் எதிர்ப்பக்கத் தூண் சாய்கிறது. திரும்ப எடையைக் கணக்கிட்டு, பையை மாற்றி, நூலின் நீளத்தைச் சரிசெய்து, மறுபடி பார்க்க வேண்டும். எடைக் கணக்குகளில் உதவ எடுவார்ட் கெட்ஸ் என்ற பொறியாளர் இருந்தார். பிரான்செஸ்க் பெரங்கேர், ஜோசப் கனலெட்டா போன்ற கட்டடக் கலைஞர்களும் கூட நின்றார்கள். பத்து ஆண்டு ஏன் ஆனது என்று யாரும் வியக்க வேண்டியதில்லை.

வடிவம் ஒருவழியாக நிலைபெற்றதும் புகைப்படக்காரரை அழைத்தார்கள். அச்சிட்ட படத்தைக் கவுடி தலைகீழாகத் திருப்பினார். தொங்கிய நூல்கள் அத்தனையும் எழுந்து நின்றன. அந்தப் படத்தின் மேலேயே வண்ணம் குழைத்துச் சுவரும் சன்னலும் கோபுரமும் தீட்டினார். சில சமயம் நூல்களின் மேல் துணியைப் போர்த்திப் படமெடுத்து, கட்டடத்தின் பருமனைப் பார்த்தார். வழக்கமாக ஓவியம் முதலில், மாதிரி பிறகு. இங்கே வரிசை புரண்டது: நூல் சொன்னதற்குப் பிறகே தூரிகை தொட்டது. கற்பனை குறைந்துவிட்டதா என்றால், அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒன்றோடொன்று ஒட்டி எழும் கோபுரங்கள், செங்குத்தான சுவர் ஒன்றுகூட இல்லாத ஒரு குன்று. காகிதத்தில் பென்சிலோடு உட்கார்ந்தவர் யாரும் அதற்கு முன் இப்படியொன்றை வரைந்ததில்லை.

கட்டி முடிந்தது கீழ்த்தளம் மட்டும். 1914இல் குவெல் குடும்பத்தின் பணம் நின்றது, வேலையும் நின்றது. மறு ஆண்டு கீழ்த்தளத்தையே தேவாலயமாக அர்ப்பணித்தார்கள். உள்ளே போனால் கருங்கல் தூண்கள் நான்கு நடுவில் சாய்ந்து நிற்கின்றன, மேலே வராத எடைக்கு முட்டுக் கொடுத்தபடி. அந்தச் சாய்வு கலைஞனின் விளையாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. நூல் சாய்ந்த கோணம் அது. தூணை நிமிர்த்தியிருந்தால் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்க வெளியே முட்டுச்சுவர் வேண்டியிருக்கும். கோத்திக் கட்டடங்களின் அந்த முட்டுச்சுவர்களை ஊன்றுகோல் என்று கேலி செய்தவர் கவுடி.

மூல மாதிரி அழிந்துவிட்டது. மிஞ்சியவை புகைப்படங்கள். 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் ரைனர் கிரேஃபே, யோஸ் டோம்லோ, அர்னால்ட் வால்ஸ் ஆகியோர் அந்தப் படங்களை நூல் நூலாக ஆராய்ந்து மாதிரியைத் திரும்பச் செய்தார்கள். பார்சிலோனாவில் கவுடியின் இன்னொரு தேவாலயமான சக்ரதா ஃபமிலியாவின் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பார்ப்பது அதைத்தான்.

சக்ரதா ஃபமிலியாவுக்கு வந்தபோது கவுடி நூலைக் கைவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். சாந்தா கொலோமாவில் கற்ற பாடத்தை, விசைகளைக் கோடுகளாக வரைந்து கணக்கிடும் முறைக்கு மாற்றிக்கொண்டார். அங்கே அவர் கருவி பிளாஸ்டர். பத்தில் ஒரு பங்கு அளவில் தூண்களையும் விதானத்தையும் வார்த்து, செதுக்கி, மறுபடி வார்த்துப் பார்த்தார். 1926இல் டிராம் மோதி இறக்கும்வரை அந்த வேலை ஓடியது. 1936 ஜூலையில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் பட்டறைக்குத் தீ வைத்தார்கள். வரைபடங்கள் எரிந்தன, பிளாஸ்டர் மாதிரிகளை உடைத்தார்கள். எரிந்த காகிதம் போனது போனதுதான். உடைந்த பிளாஸ்டரைப் பொறுக்கி ஒட்ட முடிந்தது. 1979இல் இளைஞராக அங்கே சேர்ந்த நியூசிலாந்துக் கட்டடக் கலைஞர் மார்க் பர்ரி, அந்தத் துண்டுகளின் வளைவுகளை அளந்து அவற்றின் வடிவியலை மீட்பதில் பல ஆண்டுகள் செலவிட்டார். பின்னாளில் விமானம் வடிவமைக்கும் மென்பொருளையும் துணைக்குக் கொண்டுவந்தார்கள்.

நூலைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் வேறு பக்கம் இருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஹைன்ஸ் இஸ்லர், ஈரத் துணியைத் தொங்கவிட்டுக் கெட்டியாக்கி, கவிழ்த்து, முட்டை ஓடு போல வளைந்த மெல்லிய கான்கிரீட் கூரை ஓடுகளுக்கு வடிவம் எடுத்தார். குளிர்காலத்தில் அவருக்குச் செலவும் மிச்சம்: தோட்டத்தில் தொங்கவிட்ட துணியில் தண்ணீர் தெளித்தால் காலையில் பனிக்கட்டி ஓடு தயார். 1959இல் மாட்ரிட் மாநாட்டில் அவர் வைத்த கட்டுரையில் சொற்கள் குறைவு. ஒரே பக்கத்தில் 39 ஓடுகளின் சிறு கோட்டோவியங்கள், நாற்பதாவது கட்டத்தில் ‘முதலியன’. பெருவழிச் சாலையோரம் டைடிங்கனில் 1968இல் அவர் கட்டிய ஓடுகள் முப்பது மீட்டர் அகலத்தை எட்டுகின்றன. கான்கிரீட்டின் தடிமன் ஒன்பது சென்டிமீட்டர் அளவுதான்.

ஸ்டுட்கார்ட்டின் ஃப்ரெய் ஓட்டோ சங்கிலி வலை, சோப்புப் படலம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 1975இல் மான்ஹைம் தோட்டக் கண்காட்சிக்காக அவர் வடிவமைத்த மண்டபம், தொங்கும் சங்கிலி வலையிலிருந்து பிறந்தது. ஐந்து சென்டிமீட்டர் கன மரச்சட்டங்களைப் பின்னி அறுபது மீட்டர் வரை நீளும் கூரை. கணினிக் கணக்கும் போட்டார்கள். ஆனாலும் கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பிய குப்பைத் தொட்டிகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டுத்தான் நம்பினார்கள். கவுடியின் ஈயப் பைகளுக்கும் அந்தத் தொட்டிகளுக்கும் உறவு நெருக்கமானது.

இன்று இந்தத் தேடலைத் திரையிலேயே முடித்துவிடலாம். சூரிக்கின் ஃபிலிப் பிளாக் குழு உருவாக்கிய மென்பொருளில் வலையை இழுத்தால் விசைக்கோடுகள் உடனே மாறிக்காட்டும். அந்தக் குழு 2016 வெனிஸ் கட்டடக் கலைக் கண்காட்சியில் 399 சுண்ணாம்புக் கற்களைச் சாந்தும் பசையும் இல்லாமல் அடுக்கி, பதினாறு மீட்டர் அகலத்துக்குக் கூரை எழுப்பியது. கல்லின் தடிமன் சில இடங்களில் ஐந்து சென்டிமீட்டர்தான். கணக்கு முழுவதும் கணினியில் நடந்தது. இருந்தும் கற்களை வெட்டிய டெக்சஸ் பட்டறையில் சாரம் கட்டி முதலில் ஒருமுறை அடுக்கிப் பார்த்தார்கள். பிறகு பிரித்து, பெட்டியிலிட்டு, இத்தாலிக்கு அனுப்பினார்கள்.